சாண்டோ முதல் ஊசி வரை

நம் மொட்டை மாடிக் கொடிகளில் எந்த நாள் பார்த்தாலும் கையில்லாத வெள்ளை பனியன் நாலைந்தாவது காய்ந்துகொண்டிருக்கும். கடைக்குப் போய் பனியன் கேட்டால், "சாண்டோவா, கை வச்சதா?" என்பார்கள். சாண்டோ என்பது பனியனின் ரகம் என்றே நம்மில் பலர் நினைத்திருப்போம். உண்மையில் அது ஓர் ஆளின் பெயர். யூஜின் சாண்டோ 1867இல் அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். பளு தூக்கியும் சங்கிலி அறுத்தும் மேடையில் வித்தை காட்டி, பிறகு தன் உடலையே காட்சியாக்கி உலகம் சுற்றியவர். 1904-05இல் இந்தியாவுக்கும் வந்தார். நூற்றிருபது ஆண்டுகள் கழிந்தும் அவர் பெயர் நம் ஊர் ஜவுளிக் கடைகளில் புழங்குகிறது.

இந்தப் பழங்கதையை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் பிளஸ் டூ முடித்ததும் ஜிம்மில் சேருகிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் அவர்கள் மனதில் வைத்துக்கொள்ளும் மாதிரி உடம்பு செல்போனிலும் ஜிம் வாசல் பேனரிலும் பார்த்தது. அந்த உடம்பு எப்படி வந்தது, எத்தனை வருடத்தில் வந்தது, எதைச் செலுத்தி வந்தது என்று பேனரில் எழுதியிருக்காது. மூன்று மாதம் கழித்துக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எனக்கு மட்டும் ஏன் வரலை?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு வரலாற்றில் தெளிவான பதில் இருக்கிறது. மனித உடல் தன் சொந்தச் சுரப்பை மட்டும் வைத்து எதுவரை வளர முடிந்தது, எந்த ஆண்டிலிருந்து வேறு மாதிரி வளரத் தொடங்கியது என்பதை ஆண்டு குறித்தே சொல்லிவிடலாம்.

மல்லரும் வடமும்

உடல் வலிமையைக் கொண்டாடுவது நமக்குப் புதிதல்ல. புறநானூற்றில் சாத்தந்தையார் என்ற புலவர், ஆமூர் மல்லன் ஒருவனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மற்போரில் வென்றதைப் பாடியிருக்கிறார். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனுக்குப் பட்டப்பெயர் மாமல்லன். பெரிய மல்லன் என்று பொருள். மாமல்லபுரம் அவன் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தென்மாவட்டக் கிராமங்களில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுவது வாலிபத்துக்கான தேர்வாக இருந்தது. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, சிலம்பம் எல்லாம் ஊர்ப் பயிற்சிக் களங்களில் தலைமுறை தலைமுறையாக வந்தவை.

நம் ஊரில் இன்றும் ஆண்டுக்கொரு முறை அந்தப் பழைய வலிமையைப் பார்க்கலாம். கார்த்திகை தீபத்துக்கு ஐந்தரை அடிக்கு மேல் உயரமுள்ள கொப்பரையை 2,668 அடி உயர மலையின் உச்சிக்கு ஆட்களே சுமந்து ஏற்றுகிறார்கள். மகா ரதத்தின் வடத்தை ஆயிரக்கணக்கான கைகள் இழுக்கின்றன. அந்தத் தோள்களும் தொடைகளும் பேனரில் போட்டால் எடுபடாமல் போகலாம். அவை தோற்றத்துக்காகப் பயிற்சி செய்யப்பட்டவை அல்ல, வேலையில் உருவானவை. அந்தக் காலத்தில் பலசாலி என்றால் பாரம் தூக்குகிறவர், மலை ஏறுகிறவர், எதிரியைச் சாய்க்கிறவர். தசைக்கோடுகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் இருந்ததில்லை.

சாண்டோ மாற்றிய பார்வை

அந்த வழக்கத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தவர் சாண்டோதான். 1901 செப்டம்பர் 14 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் ஓர் உடலழகுப் போட்டி நடத்தினார். நடுவர்களில் ஒருவர் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயில். யார் அதிகம் தூக்கினார் என்பதை விட்டு, யாருடைய உடல் சீராக அமைந்திருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போட்டார்கள். இன்றைய உடற்கட்டுப் போட்டிகளின் ஆரம்பம் அதுவே. மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் வெல்பவருக்கு இன்றும் சாண்டோவின் உருவச்சிலையைத்தான் பரிசாகக் கொடுக்கிறார்கள்.

தென்னிந்தியாவில் இந்த அலை பல பேரைத் தூக்கிவிட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், வீரகட்டம் என்ற ஊரில் 1882இல் பிறந்த கோடி ராமமூர்த்தி நாயுடு, சைதாப்பேட்டையில் உடற்பயிற்சிக் கல்வி கற்றவர். மார்பில் யானையை ஏற்றியும் இரும்புச் சங்கிலியை அறுத்தும் சர்க்கஸில் பெயர் பெற்றார். அவர் சைவ உணவுக்காரர். பெங்களூரில் கே.வி. ஐயர் ஹெர்குலிஸ் ஜிம்னேசியம் நடத்தி, சூரிய நமஸ்காரத்தையும் டம்பெல்ஸையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார். தபால் வழியாகவும் பாடம் அனுப்பினார். சென்னையில் ஹாரி பக் என்ற அமெரிக்கர் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து பள்ளிக்கூடங்களுக்கு டிரில் மாஸ்டர்கள் வந்தார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு மில் தொழிலாளி இரும்பு தூக்கிப் பெயர் வாங்கி, சாண்டோ என்பதைத் தன் பெயருக்கு முன்னாலேயே சேர்த்துக்கொண்டார். அவர்தான் சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் (1915–1978). பின்னாளில் படத் தயாரிப்பாளராகி எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படம் எடுத்தவர் என்பது பலருக்கும் தெரியும். தேகப்பயிற்சி சாலை நடத்தியவர் என்பதைப் பழைய ஆட்களே நினைவில் வைத்திருப்பார்கள். தேகப்பயிற்சி சாலை என்பது இன்றைய ஜிம்முக்கு அன்றைய பெயர். ஆஞ்சநேயர் படம், செம்மண் தரை, கர்லாக்கட்டை, ஒன்றிரண்டு இரும்புப் பளு, இவ்வளவுதான் சாமான்.

நாடு விடுதலையான பிறகு இரண்டு வங்காளிகள் உலக மேடை ஏறினார்கள். லண்டனில் நடந்த மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் 1951இல் மனோதோஷ் ராயும் 1952இல் மனோகர் ஐச்சும் தங்கள் பிரிவில் பட்டம் வென்றனர். ஐச் வெறும் 4 அடி 11 அங்குலம். வெள்ளைக்கார அதிகாரியை அறைந்ததற்காகச் சிறைக்குப் போனவர். சிறையிலேயே பளுப் பயிற்சி செய்து உடலைக் கட்டினார். பாலும் பழமும் காய்கறியும், சோறும் பருப்பும் மீனும் அவர் உணவு. 1912இல் பிறந்த அவர் 2016 வரை, நூறு வயதையும் தாண்டி வாழ்ந்தார்.

சாண்டோ, ராமமூர்த்தி, ஐயர் ஆகியோரின் பழைய புகைப்படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். நல்ல கட்டான உடம்பு, அகன்ற மார்பு, உரமேறிய கை. ஆனால் இன்றைய பேனர் உடம்போடு ஒப்பிட்டால் ஒரு சுற்றுக் குறைவாகத் தெரியும். அந்தக் குறைவு உழைப்பில் வந்ததல்ல. அவர்கள் தலையெடுத்த காலத்தில் ஒரு பொருள் உலகத்தில் கிடைக்கவில்லை.

1935, 1958

ஆண் உடலில் விதைப்பையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து வேலை செய்கிறது என்பதை 1849இல் ஜெர்மானிய விஞ்ஞானி பெர்தோல்ட் சேவலை வைத்துக் கண்டார். விதை நீக்கிய சேவலின் கொண்டை சுருங்கியது, கூவுவதும் சண்டை போடுவதும் நின்றன. விதையை வயிற்றுக்குள் வைத்துத் தைத்ததும் அது மறுபடி சேவலானது. 1889இல் பிரெஞ்சு மருத்துவர் பிரவுன் செக்கார், தம் 72ஆம் வயதில், நாய் மற்றும் கினிப் பன்றியின் விதைச் சாற்றைத் தமக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பியதாக அறிவித்தார். அந்தச் சாற்றில் வேலை செய்யும் அளவுக்கு மருந்து இருந்திருக்க வாய்ப்பில்லை என்று பின்னாளில் தெரிந்தது. மனிதர் நம்பிக்கைக்குத்தான் இளமை திரும்பியிருக்கிறது.

1935இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்வர் குழுவினர் சுமார் 100 கிலோ காளை விதையிலிருந்து ஏறக்குறைய 10 மில்லிகிராம் படிகத்தைப் பிரித்து அதற்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் பியூட்டனான்ட், ருசிக்கா ஆகிய இருவரின் குழுக்களும் தனித்தனியாகக் கொலஸ்டிராலிலிருந்து அதைத் தயாரித்துக் காட்டின. இருவருக்கும் 1939இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சாண்டோ இறந்தது 1925இல். அவர் இறந்து பத்தாண்டுகள் கழித்துத்தான் அந்தப் பொருளே குப்பிக்குள் வந்தது.

சுரப்பு குறைந்த நோயாளிகளுக்கான மருந்தாக இருந்தது விளையாட்டுக்குள் நுழைந்தது ஒரு போட்டியில். 1954இல் வியன்னாவில் உலகப் பளுதூக்கும் போட்டி நடந்தபோது, சோவியத் வீரர்கள் டெஸ்டோஸ்டிரோன் எடுக்கிறார்கள் என்று அமெரிக்க அணி மருத்துவர் ஜான் ஜீக்லருக்குத் தெரியவந்தது. 1958இல் சிபா நிறுவனம் டயனாபால் என்ற மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஜீக்லர் தம் வீரர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். வீரர்கள் அவர் சொன்ன அளவைத் தாண்டி விழுங்கத் தொடங்கினார்கள். கடைசிக் காலத்தில் அதற்காக அவர் வருந்தினார். மாத்திரை அதற்குள் பளுதூக்கும் அரங்கிலிருந்து உடற்கட்டு மேடைக்குப் போய்விட்டது.

1980களில் நம் ஊர் ஜிம்களில் ஆஞ்சநேயர் படத்துக்குப் பக்கத்தில் அர்னால்டு படமும் ஏறியது. போட்டிக் காலத்தில் ஸ்டீராய்டு எடுத்ததை அர்னால்டு பின்னர் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அப்போது அது சட்டவிரோதமாக இருக்கவில்லை. ஆனால் படத்தைப் பார்த்துத் தண்டால் எடுத்த பையனுக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. ஒலிம்பிக்கில் ஸ்டீராய்டுக்கான சோதனை 1976இல் மான்ட்ரியலில் தொடங்கியது. 1988 சியோலில் பென் ஜான்சனின் தங்கம் பறிக்கப்பட்டபோதுதான் நம் பத்திரிகைகளில் இந்தச் சொல் பரவலாக அடிபட்டது. 2000க்குப் பிறகு தமிழ் சினிமா கதாநாயகர்கள் சிக்ஸ் பேக் வைக்கத் தொடங்கினார்கள். 'வாரணம் ஆயிரம்' (2008) வந்தபோது கல்லூரி விடுதிகளில் அதுதான் பேச்சு. 2015இல் வந்த 'ஐ' படத்தில் கதாநாயகனே உடற்கட்டு வீரன்.

எதுவரை சாத்தியம்?

1995இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஸ்டீராய்டு எடுத்த 83 பேர், எடுக்காத 74 பேர் என 157 வீரர்களின் எடையிலிருந்து கொழுப்பைக் கழித்து, மீதியை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தார்கள். எடுக்காதவர்களின் எண் 25ஐ ஒட்டி நின்றுவிட்டது. எடுத்தவர்களில் பலர் அதைத் தாண்டிப் போயிருந்தார்கள். 1939 முதல் 1959 வரை மிஸ்டர் அமெரிக்கா பட்டம் வென்ற 20 பேருக்குப் பழைய தகவல்களை வைத்துக் கணக்கிட்டபோது சராசரி 25.4 வந்தது. ஸ்டீராய்டு பரவுவதற்கு முன் ஒரு நாட்டின் தலைசிறந்த உடல்கள் நின்ற இடம் அது.

நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், 5 அடி 7 அங்குலப் பையன் பல ஆண்டுகள் ஒழுங்காக உழைத்து, நல்ல உடல்வாகும் அமைந்தால், கொழுப்பு நீங்கலான எடை 70 கிலோவைச் சற்றுத் தாண்டலாம். கொழுப்பையும் சேர்த்தால் 80 கிலோ. அதுவே மிக உயர்ந்த நிலை. பெரும்பாலோர் அதற்குக் கீழேதான் நிற்பார்கள், அதுவே அழகான உடம்புதான். இது தோராயமான அளவுகோல். யாரையும் பார்த்து "நீ ஊசி போட்டவன்" என்று தீர்ப்புச் சொல்ல இதை எடுக்கக் கூடாது. நம் பிள்ளை தன் மேல் வைக்கும் எதிர்பார்ப்பைச் சரிபார்க்க இது போதும்.

ஸ்டீராய்டு வேலை செய்யாது என்று மிரட்டுவதில் பயனில்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1977இல் அப்படித்தான் சொல்லிப் பார்த்தது. வேலை செய்வதைக் கண்ணால் பார்த்த வீரர்கள் அதன்பின் மருத்துவர்கள் சொன்ன எதையும் நம்பவில்லை. 1984இல் அந்த அமைப்பே தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1996இல் வந்த ஓர் ஆய்வு ஐயத்துக்கே இடம் வைக்கவில்லை. 43 ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்து, இரண்டு குழுவுக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் வீதம் பத்து வாரம் ஊசி போட்டார்கள். குறைபாடு உள்ளவருக்கு வழக்கமாகத் தரும் அளவைப்போல் அது ஆறு மடங்கு. மருந்தில்லாத ஊசியோடு பளுப் பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 2 கிலோ கூடியது. பயிற்சியே செய்யாமல் மருந்து மட்டும் போட்டவர்களுக்குச் சுமார் 3 கிலோ. இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ.

உட்கார்ந்திருந்தவன் உழைத்தவனை முந்தினான். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பேனரில் தெரிவது பயிற்சியின் பலன் மட்டுமல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

உடல் எழுதும் கணக்கு

நம் உடலில் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பது வீட்டு மேல்தொட்டி மிதவை மாதிரி. தண்ணீர் நிறைந்தால் மிதவை மேலே வந்து மோட்டாரை நிறுத்தும். இரத்தத்தில் அளவு போதும் என்றால், மூளையின் ஹைபோதலாமஸும் பிட்யூட்டரியும் விதைப்பைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திக்கொள்கின்றன. ஊசி வழியாக வெளியிலிருந்து கொட்டும்போது தொட்டி எப்போதும் நிரம்பியிருப்பதாகவே மூளை நினைக்கிறது. மோட்டார் நின்றே கிடக்கிறது. விதைப்பை சுருங்குகிறது, விந்தணு எண்ணிக்கை விழுகிறது. ஊசியை நிறுத்திய பிறகு மோட்டார் மறுபடி ஓடப் பல மாதம் ஆகலாம். சிலருக்கு ஓராண்டும் தாண்டும், சிலருக்குப் பழைய நிலை முழுதாகத் திரும்புவதே இல்லை. இந்த இடைக்காலத்தில் சோர்வும் மனச்சோர்வும் வந்து, "மறுபடி ஒரு கோர்ஸ் போட்டால் சரியாகிவிடும்" என்று தோன்றும். பழக்கம் பிடிப்பது இந்த இடத்தில்தான். கல்யாணமாகிக் குழந்தை தள்ளிப்போய் மருத்துவரிடம் போகும்போதும், ஜிம் காலத்து ஊசியை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.

மற்றவையும் உண்டு. கூடுதல் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் ஆணுக்கு மார்பகம் வளரும். முகப்பரு வரும், முடி கொட்டும், கோபம் கட்டுக்கடங்காது. நல்ல கொலஸ்டிரால் குறையும், இரத்தம் கெட்டியாகும், இதயச் சுவர் தடிக்கும். மாத்திரை வகைகள் ஈரலைத் தாக்கும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு இன்னொரு கேடு: எலும்பின் வளர்முனைகள் முன்னதாகவே மூடிக்கொண்டு உயரம் அத்தோடு நின்றுவிடும். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவும். மருத்துவர் சீட்டில்லாமல் கைமாறும் குப்பியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

சட்டம் இருக்கிறது. இவை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகள். 2022இல் தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டமும் வந்தது. 2023இல் இந்திய வீரர்களிடம் எடுத்த 5,606 மாதிரிகளில் 213இல் தடை செய்யப்பட்ட பொருள் இருந்தது. அதாவது 3.8 சதவீதம். ஆனால் இவை பதிவு பெற்ற வீரர்களிடம் எடுக்கும் சோதனைகள். போட்டிக்கே போகாமல், ஒரு கல்யாணத்துக்கோ கல்லூரி விழாவுக்கோ உடம்பு ஏற்ற நினைக்கும் பையனை யாரும் சோதிப்பதில்லை. அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டார்தான் இருக்கிறார்கள்.

பழைய பயம், புதிய எண்

ஆண்மை குறைகிறது என்ற பயம் நமக்குப் பழையது. தேகப்பயிற்சி சாலைகளில் பிரம்மச்சரியம் பலம் தரும் என்றார்கள். பேருந்து நிலையச் சுவர்களில், இந்தத் தேதியில் இந்த லாட்ஜில் வைத்தியர் தங்குகிறார் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். விந்து வெளியேறுவதால் பலம் போகும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. ஆனாலும் அந்தப் பயத்தை வைத்துப் பல பேர் பிழைத்தார்கள். இன்று அதே பயம் ஆய்வுக்கூட அறிக்கையில் ஓர் எண்ணாக வருகிறது. "டெஸ்டோஸ்டிரோன் 380தானா? கம்மியாச்சே!" என்று ஜிம்மில் யாராவது சொன்னால் போதும்.

பருமன் இல்லாத, 19 முதல் 39 வயது ஆண்களிடம் எடுத்த அளவீடுகளின்படி, டெசிலிட்டருக்கு 264 முதல் 916 நானோகிராம் வரை இயல்பான அளவு. இந்த எல்லைக்குள் 380 உள்ளவருக்கும் 700 உள்ளவருக்கும் உடம்பு வளர்வதில் பேனர் அளவு வித்தியாசம் வராது. காலையில் அளவு கூடி மாலையில் இறங்கும். அதனால் காலையில்தான் இரத்தம் கொடுக்க வேண்டும், குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடி பார்க்க வேண்டும். எண்ணோடு அறிகுறியும் சேர்ந்தால்தான் நோய்; அதற்குச் சிகிச்சை சொல்ல வேண்டியவர் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்.

அளவைக் குறைக்கும் காரணங்கள் பெரும்பாலும் நம் கையில் இருப்பவை: தொப்பை, கட்டுப்படாத சர்க்கரை, மது, தூக்கக் குறைவு. 2011இல் சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தார்கள். அவர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. நள்ளிரவு வரை செல்போன் பார்த்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு ஜிம்முக்கு ஓடும் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

டப்பாவும் மல்லாட்டையும்

சாப்பாட்டு விஷயத்திலும் அதே கதைதான். சராசரி ஆளுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது நம் தேசிய உணவூட்ட நிறுவனம். பளுப் பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் கூடுகிறது, அதற்கு மேல் பெரிதாகக் கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 60 கிலோ பையனுக்கு அது ஒரு நாளைக்கு 96 கிராம்.

மூன்று முட்டையில் 18 கிராம், அரை லிட்டர் பாலிலோ தயிரிலோ 16, ஐம்பது கிராம் சோயா உருண்டையில் 26, ஒரு கைப்பிடி மல்லாட்டையில் 12, பருப்போ கொள்ளோ பயறோ அறுபது கிராமில் 14, மூன்று வேளை அரிசியிலும் சாமையிலும் குறைந்தது 20. கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. முட்டை சாப்பிடாத வீட்டில் சோயாவையும் பயறையும் சற்றுக் கூட்டினால் கணக்கு சரியாகிவிடும். மல்லாட்டை நம் மாவட்டத்து வயலில் விளைவது, சாமை ஜவ்வாது மலையில் விளைவது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு புரதத்தைக் கூட்ட வேண்டும்.

புரோட்டீன் பவுடர் ஸ்டீராய்டு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். அது பாலின் புரதம்தான். ஆனால் 2024இல் இந்தியச் சந்தையிலிருந்து 36 வகைகளை வாங்கிச் சோதித்த ஆய்வில், ஏறக்குறைய 70 சதவீதத்தில் டப்பாவில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை. அதே ஆண்டு மே மாதம் தேசிய உணவூட்ட நிறுவனமும், தசை வளர்க்கப் புரதப் பவுடர்களைத் தவிர்க்கும்படி தன் வழிகாட்டுதலில் சொன்னது.

நம் குடியிருப்புக்குச் சில யோசனைகள்

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் பேசுவதற்காக மூன்று யோசனைகளை வைக்கிறேன். நம் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் பவுடர், மாத்திரை, ஊசி எதையும் யாரும் விற்கவோ சிபாரிசு செய்யவோ கூடாது என்று விதியில் சேர்க்கலாம். பயிற்சியாளருக்கும் அது பொருந்தும். பதினெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்கள் சேரும்போது பெற்றோர் ஒருமுறை நேரில் வந்து பயிற்சியாளரோடு பேச வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் மருத்துவர் ஒருவரை அழைத்து, பெற்றோர் இல்லாமல், பிள்ளைகள் கூச்சமின்றிக் கேள்வி கேட்க ஓர் ஏற்பாடு செய்யலாம்.

ஏற்கெனவே ஊசி போட்டிருக்கும் பையன் யாராவது இதைப் படித்தால் அவனுக்கும் ஒரு வார்த்தை. பயந்துபோய் மறைக்காதே, தம்பி. போட்ட மருந்தின் பெயர், அளவு, தேதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் போய்ப் பார். அவர் உன்னைப் போலீஸில் சொல்ல மாட்டார். எவ்வளவு சீக்கிரம் போகிறாயோ, உன் உடம்பு தன் வேலையைத் தானே திரும்பத் தொடங்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.